அம்மாவின் அடுப்படி

ஆம்பூரில் பதில் சொல்லாதவரை யாரும் விடுவதில்லை. கிணற்றடியில் நின்றாலே ஊர், உறவு, இன்றைய குழம்பு எல்லாம் விசாரித்துவிடுவார்கள். வேலிக்கு மேலால் தலை நீட்டவே யோசிக்கிற யாழ்ப்பாணத்தாராகிய எங்களுக்கு இது புதினம். என் மனைவி தங்கம்மா தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீக்கு அதில் கோபம். "இன்னாண்ணா, வாயத் தொறந்தா ஒங்க ஊட்டுக்காரம்மாவுக்கு முத்து உதிர்ந்துடுமா?" என்று என்னிடமே கேட்டுவிட்டார். முத்தில்லை, புண். நாக்கிலும் உதட்டின் உள்ளேயும் ஒன்று ஆறுமுன் இன்னொன்று வரும். தண்ணீர் பட்டாலே கண் கலங்குவாள்.

தோல் மண்டியில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்து இங்கே வந்த நாளிலிருந்து இந்தப் பாடுதான். சூடு என்று எண்ணி அகத்தியும் மணத்தக்காளியும் கொடுத்துப் பார்த்தேன். ஆள் வெளிறிப்போனாள். "என்னை அம்மாவிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ" என்று அழுதாள். பயணத்துக்கு முன் வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வைட்டமின் என்று ஏதோ புதுச் சத்தின் பெயர் சொன்னார். "ரத்தம் ரொம்ப கம்மி. ரயிலு, கப்பலு எதுவும் தாங்காது. மொதல்ல ஆட்டீரல் குடுங்க" என்றார். பரம்பரைச் சைவக்காரர் நாங்கள்.

செய்தி கேட்டதும் ஹாஜிரா பீயின் கோபம் போன இடம் தெரியவில்லை. மிளகாய் போடாமல் ஈரல் சமைத்து, தானே சட்டியோடு வந்தார். தங்கம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அம்மாவிட்டைப் போகத்தானே இதைத் தின்னச் சொல்லுறியள்? திண்டிட்டு அவவின்ரை அடுப்படிக்குள்ளை எப்பிடிப் போறது?"

"அங்கை ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பகலெல்லாம் தோலோடு புரண்டாலும் நான் குளித்துவிட்டால் சைவன். விழுங்கியதை எதைக்கொண்டு கழுவுவது? கட்டியவன் என்று பெயர்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசியில் கிணற்றடியில் உட்கார்ந்து, கண்ணை மூடி விழுங்கினாள். சில கிழமைகளாக அப்படித்தான். புண் ஆறி வருகிறது, கண்ணிமை சிவக்கிறது, கப்பல் ஏறலாம் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் முதல் துண்டு தின்ற நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படிக்குள்ளேயே அவள் கால் வைக்கவில்லை. சமைப்பவன் நான். அவள் படிக்கு வெளியே நின்று, அம்மா வைக்கிற பக்குவத்தை எனக்குச் சொல்லித் தருகிறாள்.