அம்மா கற்ற சிங்களம்

அப்பா கண்டியில் ஒரு புடைவைக்கடையில் வேலை செய்தவர். பகல் முழுக்கச் சிங்களம், கடுகண்ணாவைக்கு வீடு திரும்பினால் தமிழ். அம்மாவுக்குச் சிங்களம் தேவைப்பட்டதே இல்லை. வெளிவேலையெல்லாம் அப்பாவே பார்த்துக்கொண்டார்.

போன வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் பல நாள் பேச்சில்லாமல் கிடந்தார். ஒரு காலை தாதியைப் பார்த்து, "வத்துர" என்று தண்ணீர் கேட்டார். சந்தோசத்தில் அழுதோம். ஆனால் அடுத்தடுத்து வந்த சொற்களும் சிங்களமாகவே இருந்தன. நாங்கள் தமிழில் பேசினால் அவருக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயெடுத்தால் தமிழ் வரவில்லை, கண் கலங்கிவிடும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த சிங்களப் பெண், "வருகிற மொழியைத் தடுக்காதீர்கள். அதிலேயே பேச்சுக் கொடுங்கள். மற்றது பிறகு வரலாம்" என்றார். அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"பெத்த தாய் பேசின பாசையா மொதல்ல போகும்?" என்று அம்மா கேட்டார். வீட்டுமொழி ஆழத்தில் இருக்கும், கடையில் கற்றது மேலாகத்தான் ஒட்டியிருக்கும் என்றே நானும் நினைத்திருந்தேன்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், அம்மா பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் அடுப்படிக்குப் போனார். இத்தனை வருடமும் இருவரும் வெறும் சிரிப்பால் பழகியவர்கள். அம்மா அரிசியைத் தொட்டு, பானையைத் தொட்டுப் பெயர் கேட்டார். கேட்டதை வந்து அப்பாவிடம் சொல்லிப் பார்ப்பார். அவர் தலையாட்டுவார்.

ஒரு பின்னேரம் அப்பாவிடம் தேத்தண்ணியை நீட்டி, "தே கன்ன" என்றார். கன்ன என்றால் சாப்பிடுங்கள். அப்பாவின் முகம் கோணியது, தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"திங்கிறதில்ல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "குடிக்கிறது."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா சொல்லுங்க."

"குடிக்கிறது. பொன்ன."

கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

தமிழ் அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போதும் நடுவில் சிங்களச் சொல் குறுக்கிடும். அம்மாவும் படிப்பை நிறுத்தவில்லை. போன வாரம் தனியே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் மருந்து வாங்கிவந்தார். வரிசையில் முந்தப் பார்த்த ஓர் ஆளைச் சிங்களத்திலேயே ஏசினாராம்.

"சரியாத்தான் ஏசினீங்களா?" என்று கேட்டேன்.

"சரியோ பிழையோ, அந்தாளு பின்னுக்குப் போயிட்டான்" என்றார்.