கை தூக்காத ஜனாதிபதி

மாரீஸ்வரனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பதை தாராவியில் அவர் குடியிருக்கும் சந்தே சொல்லும். ஆனால் செம்பூரில், அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கேட்டில் நின்ற இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அந்தக் கோபத்தைப் பார்த்ததில்லை. வாட்ச்மேன் கோபப்பட்டால் அதற்குப் பெயர் திமிர். அது தெரிந்தவர் என்பதால் எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெண்சாதி பேராச்சி வைக்கும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் அவர் வீரம்.

அந்தத் திங்கட்கிழமை வந்த கடுதாசிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாலாம் மாடி ஜெயராமின் கார் உள்ளே வந்திருக்கிறது. மாரீஸ்வரன் சல்யூட் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஏணிமேல் நின்றவன் தரையில் கிடந்திருப்பான். ஜெயராம் அதைக் குடியிருப்பு சொசைட்டி வாட்ஸ்அப்பில் போட, பதினேழு பேர் கட்டைவிரல் காட்ட, செக்ரட்டரி பஞ்சாபகேசன் ஓர் உறுதிமொழிக் கடிதத்தை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். கார் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன். தவறினால் என்னை வேலையிலிருந்து நீக்கலாம். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

செய்யாத தப்புக்குக் கையெழுத்தா என்று மாரீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போட்டுத் தொலையுங்க, ஐம்பத்தாறு வயசில் எவன் வேலை தருவான் என்றாள் பேராச்சி. அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததாலேயே இன்னும் எரிந்தது.

வியாழக்கிழமை சொசைட்டி ஹாலில் ஓர் இந்தித் தொடருக்கு ஷூட்டிங். கதை அமர்கிரி என்ற, எந்த மேப்பிலும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றியது. அந்த நாட்டு ஜனாதிபதியாக நடிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வசனமே இல்லாத வேஷம். உதவி டைரக்டர் சஃப்ரீன் தாராவிப் பெண். கேட்டில் நின்ற வெள்ளை மீசையைப் பார்த்ததும் மாரீஸ்வரனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், நீலச் சீருடையைக் கழற்றச் சொல்லி, கழுத்து மூடிய கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டாள்.

காட்சி சின்னது. நெஞ்சு நிறைய மெடல் குத்திய ராணுவத் தளபதி வந்து சல்யூட் அடிப்பார். ஜனாதிபதி தலையை லேசாக அசைத்தால் போதும். கையைத் தூக்கக் கூடாது.

தளபதி அடித்தார். மாரீஸ்வரனின் கை விருட்டென்று நெற்றிக்குப் போய்விட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் போனது. வலது கையில் ஒரு ஃபைலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர் ஃபைலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடித்தார். ஹாலே சிரித்தது. ஓரமாக நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்த பஞ்சாபகேசன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது மாரீஸ்வரனுக்கு. தன் தோளில் முளைத்த கை, எவனோ வளர்த்த நாய் மாதிரியல்லவா நடந்துகொள்கிறது!

சஃப்ரீன் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமா, நீங்க முப்படைக்கும் தலைவர். ஆனா பட்டாளத்துக்காரர் கிடையாது. யூனிஃபார்ம் போட்டவன் போடாதவருக்கு சல்யூட் அடிக்கணும். அந்த நாட்டுல அதான் சட்டம்."

"எங்க கேட்லயும் அதான சட்டம்? அரை டிராயர் போட்டவனுக்கெல்லாம் அடிக்கேன்."

"இவருக்கு ஜனங்க ஓட்டுப் போட்டிருக்காங்க மாமா. அந்தத் தளபதிக்கும் ஒரு ஓட்டு உண்டு. அதனால அடிக்காரு."

மாரீஸ்வரன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். திரும்பிப் போய் நின்றார். தளபதி சல்யூட் அடித்தபோது இந்தத் தடவை கை அசையவில்லை. இத்தனை வருஷம் முழுங்கிய கோபமெல்லாம் கண்ணுக்கு வந்து நின்றது. அப்படியே பார்த்துவிட்டு, தலையை ஒரு பொட்டு அசைத்தார். தளபதியாக நடித்தவருக்கு நிஜமாகவே வியர்த்தது. டைரக்டர் கைதட்டினார்.

கோட்டைக் கழற்றுவதற்குள் பஞ்சாபகேசன் கடிதத்தோடு வந்துவிட்டார்.

"பேஷ் மாரி, நன்னா நடிச்சே. இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு கேட்டுக்குப் போ."

"இந்த சொசைட்டில எனக்கு ஓட்டு உண்டா சார்?"

"உனக்கு எப்படி ஓட்டு? நீ என்ன ஃப்ளாட் ஓனரா?"

"அப்பம் சல்யூட்டும் கிடையாது. கேட்டைத் தொறப்பேன், தண்ணி மோட்டார் போடுவேன், கள்ளன் வந்தா பிடிப்பேன். இந்தக் கை இனிமே மேல போகாது."

ஹாலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாபகேசன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் வேறு ஆள் வந்தாயிற்று. பக்கத்துக் கோவண்டிக்காரர், பெயர் வானமாமலை, ஏறக்குறைய இவர் வயசுதான் என்று வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் சொன்னார். சீருடை ஏஜென்சியின் சொத்து. மாரீஸ்வரன் அதை மடித்துக் கொடுத்துவிட்டு, கட்டம் போட்ட தன் சொந்தச் சட்டையோடு படியிறங்கி கேட்டை நோக்கி நடந்தார். பேராச்சியிடம் என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து சீருடை போடாத பெரியவர் ஒருவர் வருவதைப் பார்த்த வானமாமலை, நாற்காலி சாயும்படி எழுந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கைய இறக்கும்வே!"

மாரீஸ்வரன் போட்ட சத்தம் நாலாம் மாடிவரை கேட்டிருக்கும். வானமாமலை பயந்துபோய் இன்னும் விறைத்து நின்றார். மாரீஸ்வரன் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போகும்வரை அந்தக் கை இறங்கவில்லை.