கராஜில் ஏற்றிய கற்பூரம்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே சில வருடங்கள் ஓடிவிட்டன. சாமி காரியத்தில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். என் வீட்டுக்காரரைப் பார்த்து நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று இன்னொரு பயம். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான், கோர்வையாகவும் எழுத வராது. போன மாதம் அவரே, "எழுது. நம்மள மாதிரி ஆளுங்கதான் அந்தத் தப்பைப் பண்ணுவாங்க. அவங்களுக்காவது உதவட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறது. என் வீட்டுக்காரர் இரும்பு பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். கூட வேலை பார்க்கும் ஒருவர் அவரைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுட்ட பிறகு தெறித்து விழும் பித்தளைக் கூடுகளை டப்பா டப்பாவாக வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். அவற்றைக் கழுவி, அடியில் புது பிரைமர் பொருத்தி, உள்ளே வெடிமருந்து போட்டு, மேலே குண்டு வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டாவாகிவிடுமாம். பிரைமர் என்றால் தீபாவளிக்கு நாம் சுடும் பொட்டு வெடி மாதிரி, ஆனால் பித்தளையில்.

"ஏங்க, பொட்டு வெடியை யாராவது வீட்ல சேர்த்து வைப்பாங்களா?"

"இங்க எல்லாரும் வைக்கிறாங்கம்மா. லீகல்."

"லீகல்னா வெடிக்காதா?"

அவர் சுவரில் கட்டை அடிக்கப் போய்விட்டார்.

கார் நிறுத்தும் கராஜில் கனமான பலகையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினார். அதன்மேல் கூட்டில் குண்டை அழுத்த, கைப்பிடி வைத்த பிரஸ். பக்கத்தில் மருந்து நிறுக்கும் குட்டித் தராசு. இன்னொரு பக்கம் மருந்தை அளந்து விடும் கருவி, அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கூடுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட என் அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். திருப்பித் தருகிறேன் என்றபோது நான் வாங்கவில்லை. தோட்டாவின் ஈயம் பட்ட பெட்டியில் கடுகு போடுவேனா?

அவர் கவனக்குறைவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். கராஜில் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் அடியில் எப்போதும் சின்ன நெருப்பு எரியும் என்பதால் மேசையை அதற்கு எதிர்ச் சுவரில் போட்டார். பிரைமருக்குத் தனி அலமாரி. மருந்து டப்பா ஒரு நேரத்தில் ஒன்றுதான் மேசைக்கு வரும், வேலை முடிந்ததும் குழாயில் இருப்பதைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூட வேண்டும். இதையெல்லாம் எழுதி ஒட்டியும் வைத்தார். வெள்ளிக்கிழமை நான் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவேன். "கரிச்சட்டியை இந்தக் கதவைத் தாண்டிக் கொண்டு வராதே" என்று என்னிடம் கண்டித்துச் சொன்னவரும் அவர்தான்.

இருந்தும் எனக்குத் தூக்கம் போனது. எங்கள் மகளின் அறை கராஜுக்கு நேர் மேலே இருக்கிறது. அவள் கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் அந்த மேசையிடம் நின்றால் கேட்கும். நான் அரிசி மூட்டையைக் கராஜிலிருந்து உள்ளே இழுத்து வைத்தேன், ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்தேன். மகளை எங்கே கொண்டுவந்து வைப்பது? "முருகா, அவளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே படுப்பேன். ஒருநாள் கேட்டும் பார்த்தேன்.

"இதைத் தோட்டத்து ஷெட்டுக்கு மாத்துங்களேன்."

"ஷெட்ல வெயில் கொளுத்தும். மருந்து கெட்டுப் போயிடும்."

"மருந்து கெட்டா பரவாயில்லை."

"நீ சும்மா பயந்துட்டே இருக்க" என்று சிரித்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே இரண்டு காரையும் கழுவிப் பொட்டு வைத்தோம். வாளியில் பாதித் தண்ணீர் அப்படியே கராஜ் ஓரத்தில் இருந்தது. அவர் குளித்து, வேட்டி கட்டி, மேசைக்கு வந்தார். பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் சாமந்திச் சரம். தராசுக்கும் ஒரு பொட்டு. தொழிலுக்கு மரியாதை செய்கிறார், நானும் மனசாரக் கைகூப்பித்தான் நின்றேன்.

வீட்டுக்குள்ளே நாங்கள் விளக்கு மட்டும்தான் ஏற்றுவோம். கற்பூரம் கொஞ்சம் பெரிதாக எரிந்தால் ஸ்மோக் அலாரம் கத்தும். கராஜில் அலாரம் கிடையாது. அதனால் அன்று அவர் ஆசை தீர ஒரு கை நிறைய கற்பூரத்தைத் தட்டில் குவித்து ஏற்றினார்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, இஸ் தட் ஓகே? திஸ் க்ளோஸ்?"

"சாமிக்குக் காட்றதும்மா. இதுல என்ன க்ளோஸ்?"

நெருப்பு என்றால் என்ன, எதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று எல்லாம் தெரிந்தவர். தீக்குச்சியைப் பார்த்தாலே கத்துகிறவர். கற்பூரம் அவர் கணக்கில் நெருப்பாகவே இல்லை. அது ஆரத்தி. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் அப்படித்தான்.

புகை கூடியதும் மகள் இருமினாள். கதவைத் திறந்தால் புகை போகும் என்று சுவரில் இருந்த பட்டனை அழுத்தினாள். பெரிய கதவு கடகடவென்று மேலே ஏற, வெளிக்காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது. தட்டிலிருந்து எரிகிற கற்பூரத் துண்டு ஒன்று எகிறி மேசையில் விழுந்தது.

அப்போதுதான் நான் அந்தக் குழாயைப் பார்த்தேன். உள்ளே மருந்து இருந்தது. முந்தின நாள் கம்பெனியிலிருந்து அவசரமாகக் கூப்பிட, கொட்டி மூடாமல் போயிருக்கிறார். கருவியின் காலடியில் எள் மாதிரி சில மணிகள் சிந்திக் கிடந்தன. அவை 'புஸ்' என்று பற்றின. இத்தனை சிறிதிலிருந்து இவ்வளவு உயரத்துக்கு மஞ்சள் தீ எழும் என்று நான் நினைத்ததே இல்லை. சாமந்திச் சரம் கருகியது. அவர் முன்கை முடி பொசுங்கும் வாடை வந்தது.

எப்படிப் போனேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. வாளியை அப்படியே மேசைமேல் கவிழ்த்துவிட்டேன்.

"ஐயோ, ஸ்கேலு! ஸ்கேலு நனையுதுடி!" என்று தராசைக் காட்டிக் கத்தினார்.

மறு நொடி அவர் கண் குழாயின்மேல் போனது. அதன் அடிப்பக்கம் லேசாக இளகியிருந்தது. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார், மகளின் கட்டில் இருக்கும் இடத்தை.

மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சாரி, ஐ ஓப்பன்ட் இட்" என்று அழுதாள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி கண்ணு" என்றவர் அவர்தான்.

மேசை காய்ந்ததும் அவரே போல்ட்டைக் கழற்றினார். வீட்டிலிருந்து தள்ளித் தோட்டத்து ஷெட்டில் மேசையைப் போட்டார். இருந்த மருந்தையும் பிரைமரையும், பழக்கிவிட்ட அதே நண்பர் வந்து எடுத்துப் போனார். இப்போது தேவைக்குக் கொஞ்சம் வாங்கி, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுகிறார். ஆயுத பூஜைக்கு பிரஸ்ஸின் கைப்பிடியை மட்டும் கழற்றிப் பூஜை அறைக்குக் கொண்டுவருவார். மேசைக்குப் பூவும் பொட்டும் உண்டு, தீபம் கிடையாது. என் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அவர் ஷெட்டில் இருக்கும்போது சமையலறை ஜன்னலை விட்டு நான் நகர்வதில்லை.

கோயிலில் ஒரு ஆன்ட்டி, "உங்க வீட்ல பாம் வெடிச்சிடுச்சாமே" என்று கேட்டார். இன்னொருவர், அம்மனே வந்து நெருப்பை ஊதி அணைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் காப்பாற்றினாள் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அங்கே இருந்தது கார் கழுவிய அழுக்குத் தண்ணீர், கவிழ்த்தது என் கை.

ஆகவே, இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து உங்கள் குரூப்பில் இப்படியே போடுங்கள். வெடித்தது என்று கூட்டாதீர்கள், சாமி குத்தம் என்று திருப்பாதீர்கள். குழாயில் மருந்து இருந்ததையும், நாங்கள் கற்பூரத்தை நெருப்பு என்று நினைக்காததையும் விட்டுவிடாதீர்கள். உங்களில் யார் வீட்டுக் கராஜிலாவது இந்த மாதிரி ஒரு மேசைக்கு நேர் மேலே ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம்.