பதினாறு அடிப் பிரேதம்

முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில் நடந்தது இது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வீட்டில் நான், என் மனைவி, பத்தொன்பது வயதுத் தங்கை, அப்புறம் கூடம் முழுக்க ஒரு ஏரோப்ளேன்.

சிரிக்காதீர்கள். நிஜ ஏரோப்ளேன்தான். வீட்டிலேயே விமானம் கட்டுவது எப்படி என்று ஒரு சீமைப் பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தான். படித்த அன்றே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ராயப்பேட்டையில் கூடாரம், ஷாமியானா தைக்கிற பாய் ஒருவர் எனக்கு சிநேகிதம். மரச்சட்டங்களை நான் அறுத்துச் சேர்த்தேன். அதன்மேல் வெள்ளை மல் துணியை இழுத்துத் தைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கியது அவர். பதினாலு மாதம் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் உழைத்தோம். சமையலறைத் தராசை நான் எடுத்து வைத்துக்கொண்டதால் என் மனைவி பருப்பைக் கண் திட்டத்தில்தான் போட்டாள். ஆணி, திருகு, நூல்கண்டு என்று எதையும் நிறுத்துப் பார்க்காமல் நான் சேர்த்ததில்லை. எடை குறையாமல் எதுவும் பறக்காது என்பது என் மந்திரம்.

கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தங்கையைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள் கூடத்தில் உட்கார இடமில்லாமல் இறக்கைக்குக் கீழே குனிந்தபடி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி. இரண்டாவதாக வந்தவர்கள், குடும்பத்தில் சித்தப்பிரமை உண்டா என்று புரோகிதரிடம் விசாரித்தார்களாம். தங்கை கட்டியிருந்த பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாவது வரன் தேனாம்பேட்டையிலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று. என் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவா வரா. அதுக்குள்ள இது ஆத்தை விட்டுக் கிளம்பணும். இல்லேன்னா நான் கிளம்பிடறேன்."

அடையாற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பில், தெரிந்தவர் ஒருவர் கொட்டகை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இறக்கைகளைக் கழற்றி உடம்பின் மேலேயே கட்டிவிடலாம். முன்னால் இரண்டு சக்கரம் இருக்கிறது. வால் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து இழுக்க மட்டும் ஒரு கழி வேண்டும். பத்திரிகையில் அதற்கென்று ஒரு தனிப் படமே போட்டிருந்தது. நாங்கள் அதற்கு இழுவைக் கழி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

இந்தக் கழியில்தான் சனி பிடித்தது. பாய் இரும்புக் குழாய் ஒன்று கொண்டுவந்தார். தராசில் போட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு எங்கேயாவது பொட்டல்ல இறங்கினா அங்கே யார் இழுக்கறது? இந்தக் கழியும் நம்மகூடப் பறந்து வரணும் பாய்!" என்று கத்தினேன். தேக்குக் கழி அழகாக இருந்தது, அதுவும் கனம். அலுமினியக் குழாய் வேண்டுமென்றால் கப்பலில் வர மூன்று மாதம். காய்ந்த மூங்கில் ஆணி அடித்ததும் பிளந்துகொண்டது. இப்படியே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. மூங்கில் மண்டிகளெல்லாம் அடைப்பு.

ஒரே ஒரு கடை திறந்திருந்தது. சாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாதல்லவா, அந்தச் சாமான் விற்கிற கடை. வாசலில் மெல்லிசாகப் பச்சை மூங்கில் சாத்தி வைத்திருந்தது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வளைந்தது, ஒடியவில்லை. என் கைக்கு அன்றைக்கு அதைவிட உசத்தியான பொருள் கிடைத்திருக்காது.

கடைக்காரர் பீடியை எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "ஆளு இன்னா ஒசரம் சார்?"

"பதினாறு அடி" என்றேன். என் நினைப்பெல்லாம் வால் பக்கத்தில் இருந்தது. "நீளம்தான் ஜாஸ்தி. கனமே கிடையாது. பதினாலு மாசமா நானே பார்த்துப் பார்த்துக் குறைச்சிருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாயைத் தனியாகக் கூப்பிட்டார். "கூடவே இருந்து பாத்துக்க நைனா. சாருக்கு மூளை கலங்கிக் கீது" என்றது என் காதிலும் விழுந்தது. மூங்கிலை ஜோடியாகத்தான் கொடுப்பாராம், கயிறும் மண்சட்டியும் சேர்த்துத்தான் கொடுப்பாராம். வாதாட நேரமில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓடினோம்.

"வாத்தியாரே, பாக்கறதுக்கு நல்லா இல்ல" என்று பாய் வழியெல்லாம் முனகினார். "பார்க்கறதுக்கா, இழுக்கறதுக்கா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

தூசி படாமல் விமானத்தின் மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தி, வாலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூங்கிலாகக் கட்டினோம். சக்கரத்துக்குப் போடும் வண்டி மையைப் பாய் அந்த மண்சட்டியில் நிரப்பி மூங்கிலில் தொங்கவிட்டார். நான் இடுப்பில் நாலு முழம் வேஷ்டி, தலையில் துண்டு. மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு இருவரும் கிளம்பியபோது மணி மூன்றேகால். சந்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நாலு மணிக்குள் நான் வீடு திரும்புவதாக ஏற்பாடு.

இரண்டு வீடு தாண்டியிருக்க மாட்டோம். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி ஒதுங்கி நின்றார். வெற்றிலைக் கடைக்காரர் பாதிப் பலகையைச் சாத்தினார். பூக்காரி ஒருத்தி ஒரு கை அரளியை எங்கள் மேல் வீசி, "மவராசன், யாரு பெத்த புள்ளையோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணி போர்த்திய நீளமான உருவம், பச்சை மூங்கில், சட்டி. எனக்கே பகீரென்றது. முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு நான், பக்கத்தில் குல்லாவோடு பாய். செத்தவர் எந்த ஜாதி என்று தெரியாமல் தெருவே முழித்தது.

விட்டுவிட்டு ஓட முடியுமா? நடையைக் கூட்டினோம். சந்து முனை திரும்புகிற இடத்தில் ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பாய் தம் மூங்கிலைக் கீழே விட்டுவிட்டுச் சக்கரத்தைத் தூக்கப் பின்னால் போனார். ஒற்றை ஆளாக நான் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு ஜட்கா வந்து நின்றது.

ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட பெரியவர் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "பேஷ், பேஷ்! எதிர்க்கப் பிரேதம் வரதுடா! இதைவிட நல்ல சகுனம் கிடைக்குமோ!"

பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவன் சகுனத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "ரெண்டே பேர்ப்பா. நாலு பேர்கூட இல்லை, பாவம்" என்று சொல்லிக்கொண்டே குதித்து இறங்கினான். "தொடாதேடா! தீட்டுடா! நாம போற காரியம் என்ன!" என்று பெரியவர் தொண்டை கிழியக் கத்தினார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது மல் ஜிப்பாவோடு அந்த இன்னொரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்துத் தூக்கினான்.

பின்னாலிருந்து பாய் தள்ள, சக்கரம் சாக்கடையை விட்டு ஏறிவிட்டது. நாலு அடி நடந்ததும் பையன் நின்றான். தோளில் கனமே இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "குழந்தையா?" என்று கேட்டான். கண்ணில் ஜலம் தளும்பிற்று.

ஐயோ, அந்தக் கேள்வி! பதினாலு மாதம் நான் பெருமையடித்துக்கொண்ட எடை அது. நான் தலையைக் குனிந்துகொண்டதை அவன் துக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

அதற்குள் பெரியவர் ஜட்காக்காரரிடம், "வண்டியைத் திருப்பப்பா, தேனாம்பேட்டைக்கே போ. தீட்டோட பொண்ணு பார்க்கறதாவது! இந்தச் சந்துலே அந்த சயன்ஸ் வாத்தியாராத்துலே நாலு மணிக்குக் காத்துண்டிருப்பா. இனிமே ஆவணியிலேதான் நாள்" என்றார்.

அந்தச் சந்தில் சயன்ஸ் வாத்தியார் நான் ஒருவன்தான். ஜாதகமெல்லாம் புரோகிதர் மூலம் போய் வந்ததால் முகம் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் இவன் பைத்தியம் என்று போய்விடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் என் தங்கையின் புடவை பெட்டிக்குள்தான். ஆனால் அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய்யாக நிற்க முடியவில்லை. துணியை விலக்கி இறக்கையைக் காட்டினேன்.

"பிரேதம் இல்லை மாமா. ஏரோப்ளேன். நான்தான் அந்த சயன்ஸ் வாத்தியார்."

பெரியவர் இறங்கி வந்து தட்டிப் பார்த்தார். "அப்போ பிரேதமே இல்லையா?"

"இல்லை மாமா."

"அப்போ தீட்டும் இல்லே" என்று முகம் தெளிந்தார். அடுத்த நிமிஷமே கறுத்தார். "அப்போ சகுனமும் இல்லையேடா!"

பையன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து, புது வேஷ்டியோடு சாக்கடை மதகின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாயை விமானத்துக்குக் காவல் வைத்துவிட்டு அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போனேன். (திரும்பி வந்தபோது அதன்மேல் இரண்டு மாலை கிடந்தது. யாரோ பக்கத்தில் ஏற்றிய கற்பூரத்தை ஊதி ஊதியே பாய்க்கு மூச்சு வாங்கிப்போயிற்று.) பெரியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டு பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உன் கல்யாணத்தை நானே கெடுத்துட்டேம்மா" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "உள்ளே யாருன்னே தெரியாமலா அவர் இறங்கி வந்தார்?"

"ஆமாம்."

"அவர் அப்பா கத்தக் கத்தவா?"

"ஆமாம்."

கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் சம்மதம்னு போய்ச் சொல்லு அண்ணா."

"அவா சம்மதம் தெரியலையேடி!"

"அதையும் நீயே கேட்டுண்டு வா."

கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடத்தில் பையன் தகப்பனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஏரோப்ளேன் எதிர்க்க வந்தா என்ன சகுனம்னு எந்தப் பஞ்சாங்கத்திலேயும் போடலையேப்பா. முதல்முதலா பார்த்தவா நாமதான். நாம சொல்றதுதான் சாஸ்திரம்." பெரியவர் கடைசி பஜ்ஜியை மென்று முடித்தார். பிறகு, "நல்லதுன்னுதான் வெச்சுக்கணும்" என்றார்.

ஏரோப்ளேன் பறந்ததா என்று கேட்பீர்கள். பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒன்றை மாட்டி ஓட்டியதில், அடையாற்று மணலில் ஓர் ஆள் உயரம் எழும்பி, ஒரு தென்னங்கன்றின் மேல் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அதை மீட்டு இழுத்து வந்தது என் தங்கை மாப்பிள்ளைதான். அதோடு எனக்கும் பித்து தெளிந்தது.

ஆனால் இன்றைக்கும் தெருவில் ஆள் போதாமல் ஒரு பாடை போவதைக் கண்டால் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்த் தோள் கொடுக்கிறேன். கனமாக இருந்தாலும் சரி, லேசாக இருந்தாலும் சரி, அது யார் என்று நான் கேட்பதில்லை.