சாணியோடு மலையேறிய செடி

கோவிந்தாபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். ஒரு மழை போதும், ஒரே மாதத்தில் வெள்ளைவெளேரென்று பூத்துவிடும். அது பூத்தால் என் மனைவிக்குக் கழுத்தும் கையும் சிவந்து தடித்துவிடும். சொறிந்து சொறிந்து அழுவாள். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் டாக்டரே, அந்தச் செடி இல்லாத ஊரில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். மலைமேல் வண்டன்மேட்டில் அவள் அப்பாவின் ஏலக்காய்த் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். பத்தே நாளில் தோல் ஆறிவிட்டது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மலைக்காரர்கள் ஏலச்செடிக்கு இட, கீழே சமவெளியிலிருந்து லோடு லோடாகச் சாணி வாங்குவது வழக்கம். "ஏனுங்க மாமா, வெளிய எதுக்கு வாங்கோணும்? எங்கூட்டுச் சாணி இருக்குதுங்களே" என்று பீற்றிக்கொண்டு, ஒரு பிக்கப் நிறைய ஏற்றி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக நானே கொண்டுபோய் இறக்கினேன். மாமனார் கையில் அள்ளிப் பார்த்து, "நல்லா மக்குன சாணி, மாப்ள" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சாணிக்குழியைச் சுற்றி என்ன வளர்ந்து விதை கொட்டியது என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த தடவை போனபோது மழை பிடித்திருந்தது. ஏலத்தூர்களின் அடியில் குட்டிக் குட்டியாக, கேரட் இலை மாதிரி பார்த்தீனியம் முளைத்திருந்தது. அவள் நிம்மதியாக இருந்த ஒரே இடம் அது. அங்கேயும் நானே கொண்டுவந்து விதைத்திருக்கிறேன்.

யாரிடமும் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் போய்ப் பிடுங்க ஆரம்பித்தேன். "விருந்துக்கு வந்தீகளா, களையெடுக்க வந்தீகளா?" என்று மாமனார் கேலி செய்தார். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. டெல்லியில் வேலை பார்க்கும் மச்சினனுக்கு மட்டும் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மலைக்குளிருக்குத் தானாகச் செத்துவிடாதா என்ற நப்பாசை எனக்கு.

"சாகாது அத்தான். இங்க குளுரு காலத்துல தரையோட தரையா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். வெயில் வந்ததும் எந்திரிச்சுப் பூத்துரும்" என்றான்.

ஊருக்குத் திரும்பி ஒன்றரை மாதம் தவித்தேன். அவள் போனில் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மனசு கேட்கவில்லை.

மறுபடி போய்ப் பார்த்தால், ஏதோ வேறு செடி போல இருந்தது. எங்கள் ஊரில் விறைப்பாக நிமிர்ந்து நிற்பது, இங்கே மர நிழலில் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு, இலை அகன்று வெளுத்து, சாய்ந்து கிடந்தது. பாதிக்கு மேல் மழையில் அழுகியிருந்தது. ஒன்றில்கூடப் பூ இல்லை. எங்கள் தோட்டத்து விதைதான், நம்பவே முடியவில்லை. நின்ற இடத்திலேயே தனியாகச் சிரித்தேன். அப்புறம்தான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இருந்த வெட்டவெளி ஞாபகம் வந்தது. மிச்சச் சாணியை அங்கேதான் கொட்டியிருந்தோம். நிழலே கிடையாது. ஓடினேன்.

அவள் அங்கே இருந்தாள். முழங்கை வரை பிளாஸ்டிக் கவர் சுற்றி, முகத்தில் துண்டு கட்டி, செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதற்குள் நுனியில் மொட்டு கட்டியிருந்தது.

"நீ எதுக்கு இதத் தொடுற?" என்று கத்தினேன்.

"மொளச்ச அன்னைக்கே பாத்துட்டேன். இத எனக்குத் தெரியாதா? நெழல்ல உள்ளது தானா அழுகிருது. வெயில்ல உள்ளதத்தான் மொட்டு விரியறதுக்குள்ள எடுக்கணும். வாராவாரம் எடுத்துருவேன். அப்பாட்ட சொல்லல. உங்களுக்குச் சங்கடமாப் போயிரும்ல."

கவரைக் கழற்றச் சொல்லி, அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"நம்ம தோட்டத்துல எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எப்போது கேட்டாலும், குறைந்துவிட்டது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் சொல்வேன். அன்றைக்குப் பொய் வரவில்லை.

"காடு மாதிரி பூத்துக் கெடக்குது. நீ இப்ப வராத" என்றேன்.

"அப்பாடா" என்றாள். "வரமாட்டேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தன நாளா முழிச்சுக்கிட்டு இருந்தேன்."