என் நம்பரில் போனவள்

உதவிப் பணம் தருவதற்கு அரசாங்கம் ஏன் அடையாள அட்டை நம்பர் கேட்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. வாவியில் மீன்பாடு குறைந்து, வீட்டுக்காரர் வெறும் வலையோடு வரத் தொடங்கியபோதுதான் என் அட்டையைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் கொடுத்தேன்.

அங்கே வேலை செய்யும் பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இந்த நம்பர்காரி மோசம் போயிற்றா எண்டு இரிக்கி. செத்த ஆக்கள்ட பேரில காசு போகாம இரிக்கத்தான் நம்பர் கேக்கிற.”

எனக்கு விளங்கிவிட்டது. தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது என் பெயரில். அவளுக்கு வயது காணாது என்று ஏஜென்சிக்காரன் என் நம்பரில் பாஸ்போட் எடுத்துக் கொடுத்தான். அங்கே காய்ச்சலில் செத்துப்போனாள். எங்கள் ஊர் தன்னாமுனைக்கு வந்த பெட்டியிலும் என் பெயர்தான் இருந்தது. அழுத அழுகையில் அதை யாரும் யோசிக்கவில்லை.

“வீட்டில வேற ஆரும் இரிக்காங்களா அக்கா?”

தங்கச்சியின் அட்டை என் பேர்சில்தான் கிடந்தது. ஏனென்று தெரியாமலே எடுத்து நீட்டினேன்.

“ஓம், இவட நம்பர் சரியா இரிக்கி. நாளைக்கு ஆளக் கூட்டிற்று வாங்க.”

“சரி பிள்ள” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை.

பிறகு விசாரித்தேன், பிழையைத் திருத்தலாமாம். அதற்கு, செத்தது தங்கச்சிதான் என்று நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டில் காசு தேவைதான். இன்னும் எழுதிக் கொடுக்கப் போகவில்லை.