சத்தமில்லாத ஃபேன்

கடற்கரையில் வீடு, உங்களுக்கு எதற்கு ஃபேன் என்று கேட்பவர்கள் பாம்பனில் எங்கள் தெருவில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். ஜன்னலைத் திறந்தால் மணலும் கருவாட்டு ஈயும்தான் உள்ளே வரும். ஃபேன் இல்லாமல் முடியாது. ஆனால் அம்மா விடமாட்டாள். இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட் ஏறிவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, நாங்கள் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கும் முன்பே சுவிட்சை அணைத்துவிடுவாள். பாதிச் சாப்பாட்டில் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பேன்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். பொறுக்க முடியாமல் அங்கேயே மூன்று பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினேன். பழைய ஃபேன் இழுக்கிற கரண்டில் பாதிகூட இதற்கு வேண்டாம். இறக்கை அகலம், காற்று, உப்புக்காற்றைத் தாங்குகிற பெயின்ட், எல்லாம் விசாரித்தேன். சத்தமே வராது என்றார் கடைக்காரர். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அய்யா என்று நான் கூப்பிடும் அப்பா விசைப்படகு டிரைவர். இரவெல்லாம் கடல், பகலில் தூக்கம். அவர் ரூமில் இருந்த பழைய ஃபேன் உப்பில் அரித்து, பேரிங் போய், தெருமுனை வரை கடகடக்கும். முதலில் அதைத்தான் கழற்றச் சொன்னேன். பழைய இரும்புக்குப் போடவும் சொன்னேன். "கெடந்துட்டுப் போகுது, ஒனக்கென்ன?" என்று அம்மா சிலாப்பில் ஏற்றிவைத்தாள்.

புது ஃபேனை மாட்டிய அன்று மதியமே அய்யா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏலே, என்ஜின் நின்னுருச்சா?"

வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த முறையும் அதே கேள்வி. கடலில் என்ஜின் ஓடும்வரை படகில் ஆள் முறைபோட்டுத் தூங்கலாம். அது நின்றால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ஆயுசெல்லாம் அப்படித் தூங்கியவருக்கு அமைதியில் எப்படித் தூக்கம் வரும்? எனக்கு இது உறைக்கவே இல்லை. "பழகிரும்யா" என்றேன். அரைத் தூக்கத்தோடு கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் கரைக்கு வந்தவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா என்னவென்று கேட்டாள்.

"வீலைப் புடிச்சமானிக்கே கண்ணசந்துட்டேன். போட்டு எல்லைப் பக்கமாப் போயிருச்சு. கூட வந்தவன் முழிச்சுக் கத்தலைன்னா, எல்லாரும் அங்கிட்டு மாட்டியிருப்போம்."

அம்மா உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சிலாப்பில் இருந்த ஃபேனை இறக்கி, அவர் ரூமிலேயே திரும்ப மாட்டவைத்தாள். கடகடவென்று அது ஓடத் தொடங்கியதும் அய்யா சுவரோரம் திரும்பிப் படுத்தார். சாயங்காலம் நாங்கள் எழுப்பித்தான் எழுந்தார். மற்ற இரண்டு ஃபேனில் மிச்சமாகிற கரண்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அய்யா கடலுக்குப் போயிருந்தார். ஆளில்லாத ரூமில் பழைய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மறந்துவிட்டாள், அதிசயம்தான் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"அதை அமத்தாத" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஆளே இல்லையேம்மா. யாருக்கு ஓடுது?"

"அவரு கரைக்கு வாரவரைக்கும் ஓடட்டும். அது நின்னா எனக்கு ஈரக்கொலை நடுங்குதுடி."

கையை எடுத்துவிட்டேன். அவர் வந்து சேரும்வரை எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும்.